இறக்கைக்குத் தோல் போர்த்திய கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படின்னு பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். எனக்கு அது வராது. இஸ்திரிப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறேன். அதில் நான் தீர்க்க வேண்டிய ஒரு கடனும் இருக்கிறது.

2010-ம் ஆண்டு, இறுதியாண்டில், நாங்கள் நாலு பேர் சேர்ந்து ரேடியோவில் ஓட்டும் மாதிரி விமானம் ஒன்று கட்டினோம். இறக்கை ஒன்றரை மீட்டர் நீளம், 22 சென்டிமீட்டர் அகலம். பால்சா மரத்தில் விலா எலும்பு மாதிரி ரிப்புகள். அதன்மேல் சூடு வைத்து ஒட்டும் ஃபிலிம். எந்தக் கம்பெனி ஃபிலிமாக இருந்தாலும் நாங்கள் "மோனோகோட்" என்றுதான் சொல்வோம், எல்லா நகலையும் ஜெராக்ஸ் என்கிற மாதிரி.

விமானத்துக்குத் தோல் போர்த்துவது பழைய வித்தை. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைச் சென்னைக்கு எடுத்துவந்தார். அந்த புஸ் மாத் விமானமும் துணி போர்த்தியதுதான். துணி விறைப்பாவதற்கு 'டோப்' என்ற திரவத்தைப் பூசுவார்கள். மாதிரி விமானக்காரர்களும் மெல்லிய காகிதத்தை ஒட்டி அதையேதான் பூசினார்கள். ஃபிலிம் வந்த பிறகு பூச்சும் இல்லை, நெடியும் இல்லை. பாலியெஸ்டர் தாள், அடியில் சூட்டில் இளகும் பசை, அவ்வளவுதான். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 கிராம். எங்கள் இறக்கைக்கு மேலும் கீழும் சேர்த்து 40 கிராம்தான் வந்தது.

செய்முறையைத் தம்பிகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். முதலில் மரத்தை 320, 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, தூசியைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். தூசி இருந்தால் பசை மரத்தைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும். இஸ்திரிப் பெட்டிக்குப் பழைய பருத்தி சாக்ஸ் ஒன்றை மாட்டுங்கள், ஃபிலிமில் கீறல் விழாது. பசை இளக நூறு டிகிரி வாக்கில் போதும். ஃபிலிம் சுருங்க 140, 150 வரை வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். துண்டு மரத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முதலில் அடிப்பக்கம், பிறகு மேல்பக்கம். நடுவில் இரண்டு முனையையும் பிடித்துவிட்டு, பிறகு முன்விளிம்பு, பின்விளிம்பு என்று நடுவிலிருந்து வெளியே இழுத்து ஒட்ட வேண்டும். ஓரம் முழுக்க ஒட்டிய பிறகே சுருக்க வேண்டும். சுருக்கும்போது மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி.

இப்போது முக்கியமான விஷயம். ஃபிலிம் ஒட்டாத இறக்கையைக் கையில் எடுத்து முறுக்கிப் பாருங்கள், ஈரத்துண்டு மாதிரி முறுங்கும். ஒட்டிச் சுருக்கிய பிறகு முறுங்காது. எந்த நிலையில் வைத்துச் சுருக்கினீர்களோ, அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். நேராக வைத்தால் நேர். கோணலாக வைத்தால் கோணல். அழகுக்கு ஒட்டும் தாள் என்று நாம் நினைப்பது, உண்மையில் இறக்கையின் எலும்பில் பாதி.

இதை நான் படித்திருந்தேன். ஆனாலும் பறக்கவிடுவதற்கு முந்தின ராத்திரி, மேஜை காலி இல்லை என்று ஹாஸ்டல் கட்டிலில் வைத்து இஸ்திரி போட்டேன். இடது இறக்கை நுனிக்கு அடியில் தலையணை இருந்தது. மணி இரண்டு. தூக்கம்.

மறுநாள் காலை சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் இறக்கையில் கட்டம் கட்டமாக ஃபிலிம் பூரி மாதிரி உப்பிவிட்டது. மலையில் சிப்ஸ் பாக்கெட் உப்புமே, அதே கதைதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு 1,500 மீட்டர். காற்றழுத்தம் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு ரிப்பிலும் ஒரு சின்னத் துளை போட்டு, காற்று வெளியேற வழி விட்டிருக்க வேண்டும். நாங்கள் போடவில்லை. அடியில் குண்டூசியால் குத்திச் சமாளித்தோம். எல்லோரும் அந்த உப்பலைப் பார்த்தோமே தவிர, நுனியை யாரும் பார்க்கவில்லை.

காப்பித் தோட்டத்தைத் தாண்டி ஒரு புல் சரிவு. தோட்டக்காரர் அனுமதி கொடுத்திருந்தார். ஓட்டியவன் என் அறை நண்பன். எங்களில் அவனுக்குத்தான் கை சுத்தம். மேலே போனதும், "மச்சான், வலது பக்கமா சாயுதுடா, ட்ரிம் நிறைய போட்டிருக்கேன்" என்றான். "காத்துடா, விடு" என்றேன். இரண்டு சுற்று நன்றாகப் போனது. மூன்றாவது சுற்றில் இறக்குவதற்காக வேகத்தைக் குறைத்துத் திருப்பினான். இடது இறக்கை சட்டென்று கவிழ்ந்து, சுழன்று, சில்வர் ஓக் மரத்தில் மோதியது.

"மலைக் காத்து லேசு, வேகம் நூத்துக்கு ஆறு கூட வெச்சிருக்கணும், நீ குறைச்சுட்டே" என்று எல்லோரும் சொன்னார்கள். கணக்கு சரிதான். அவனும் ஒத்துக்கொண்டான்.

சிதறிய துண்டுகளைப் பொறுக்கியவன் நான். இடது இறக்கை முழுசாகக் கிடைத்தது. அன்று ராத்திரி மேஜையில் வைத்துப் பார்த்தேன். நுனியில் முன்விளிம்பு மூன்று டிகிரி தூக்கி நின்றது. நுனி தூக்கினால் அந்தப் பக்கம் லிஃப்ட் கூடும், அதனால்தான் வலப்பக்கம் சாய்ந்தது. வேகம் குறைந்ததும் அந்த நுனிதான் முதலில் ஸ்டால் ஆகும், அதனால்தான் இடப்பக்கம் விழுந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். என் தலையணை.

அதை இஸ்திரிப் பெட்டியால் பத்தே நிமிஷத்தில் நேராக்கியிருக்கலாம். எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி சூடு காட்டினால் போதும். கிளம்புவதற்கு முன் பின்னாலிருந்து ஒரு தடவை கண்ணால் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ப்ராஜெக்ட் மார்க் வந்துவிட்டது. அவன் அதற்குப் பிறகு டிரான்ஸ்மிட்டரைத் தொடவே இல்லை.

இந்தச் சந்திப்புக்காக நேற்று சாயங்காலம் வந்தோம். அறையில் அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனை டிகிரி?" என்று கேட்டான்.

"மூணு."

"மூணு டிகிரிக்காடா நான் பதினஞ்சு வருஷமா என்னைத் திட்டிக்கிட்டேன்?"

என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. அவன் இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறான். அன்று அவனைக் குறை சொன்னவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அதனால்தான் தனியாகச் சொன்னது போதாது என்று மேடையில் சொல்கிறேன். தப்பு ஓட்டியவன் மேல் இல்லை, ஒட்டியவன் மேல்.

தம்பி தங்கைகளே, மூன்று விஷயம் மட்டும் சொல்லி முடிக்கிறேன். சமதளமான பலகையில் வைத்தே சுருக்குங்கள். பறக்கவிடும் முன், ஒட்டாத இன்னொருவர் பின்னாலிருந்து பார்த்துச் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். விழுந்த பிறகு, துண்டைப் பொறுக்கியவர் தான் கண்டதை அன்றைக்கே சொல்லட்டும். இன்று என் வேலையில் ஒரு சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தலையணை ஞாபகம் வருகிறது.

ஒரு மாதிரி விமானம் கட்டப் பொருள் வாங்கி வந்திருக்கிறேன். நம் பட்டறையில் வைத்துவிட்டுப் போகிறேன், நீங்கள் கட்டுங்கள். 2021 ட்ரோன் விதிகள் மாதிரி விமானத்துக்கும் உண்டு, இடம் பார்த்துப் பறக்கவிடுங்கள். முதல் தடவை யார் ஓட்டுவது என்று என் நண்பனைக் கேட்டிருக்கிறேன். "இறக்கையை நான் பார்த்த பிறகு சொல்றேன்" என்றிருக்கிறான்.