தலைவரின் கொப்பி
(பதுளையில் நடந்த நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தோட்டத் தலைவர் உங்களுக்குத் தலைவர், எனக்கு மச்சான். நாங்கள் ஒரே மாதத்தில் பேர் பதிந்து, ஒரே மலையில் கவ்வாத்து வெட்டத் தொடங்கியவர்கள். கொண்டு போன ரொட்டியையும் சம்பலையும் பங்கு போட்டுச் சாப்பிட்டவர்கள்.

1984 ஏப்ரல் வேலைநிறுத்தத்தின்போது எங்களுக்கு இருபது வயதுகூட இல்லை. அதுவரை பெண்களுக்கு ஆண்களை விடக் குறைந்த நாட்சம்பளம். சங்கங்கள் ஒன்றாக நின்றதால் அந்த வித்தியாசம் ஒழிந்தது. நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். மச்சான் பதுளை பஜாருக்குப் போய் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி வந்தார். வென்ற சம்பளம் கைக்கு வருகிறதா என்று யார் பார்ப்பது என்று கேட்டார்.

அன்றிலிருந்து எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், எத்தனை கிலோ கொழுந்து என்று எழுதினார். முதலில் தன் கணக்கு, பிறகு அம்மாவின் கணக்கு. கொஞ்ச நாளில் லயமே அவர் வாசலில் நின்றது. சம்பளத் துண்டில் குறை இருந்தால் நான் சத்தம் போடுவேன். அவர் கொப்பியைத் திறந்து மேசையில் வைப்பார். என் சத்தத்தால் ஆகாதது அந்தக் கொப்பியால் ஆனது.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் வேலை செய்து விலகும் நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாக வர வேண்டும். பதிவில் ஒரு வருடம் விடுபட்டால் 14 நாள் சம்பளம் போய்விடும். இதை அவர் பெரட்டுக்களத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

பெயர்ப் பிரச்சினையும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் வீட்டுப் பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று. கேட்டு எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். ஓய்வு பெற்று ஈ.பி.எப். கேட்கும்போதுதான் அது தெரியவரும். அப்படி அலைந்த எத்தனையோ அக்காமாரோடு, தன் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, காரியாலயம் காரியாலயமாக ஏறி இறங்கியவர் அவர்.

போன மாதம் அவருடைய மனைவி, என் தங்கச்சி, ஒரு பையில் கடதாசிகளைக் கொண்டு வந்தார். பிரித்துப் பார்த்தேன். ஈ.பி.எப். பதிவில் மச்சானின் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம். ஊருக்கெல்லாம் எழுதியவர் தன் கடதாசியைப் பார்க்க நேரம் எடுக்கவில்லை. பக்கத்திலேயே இருந்த நானும் ஒரு நாள் கேட்கவில்லை. இப்போது தங்கச்சியோடு நான் ஏறி இறங்குகிறேன்.

அவருக்கு மாலை போட்டோம், சரி. இன்று இரவு வீட்டுக்குப் போய், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஈ.பி.எப். கடதாசி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பின் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பிழை இருந்தால் வேலையில் இருக்கும்போதே திருத்த வேண்டும்.

அந்தக் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள்.