நிறத்தை மேலே பூசாதீங்க, உள்ளே கலங்க!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், கட்டட வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர் பேசியது)

எனக்கு மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லீங்க. ஏதாவது தப்பா பேசினா பொறுத்துக்கோங்க.

எங்க வீட்டுத் தரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தொகுப்பு வீடு கட்டும்போது கையில காசு தீர்ந்துபோச்சு. டைல்ஸ் போட முடியலை, வெறும் சிமெண்டுத் தரைதான். பார்க்க நல்லா இருக்கட்டுமேன்னு குழுவில 6,000 ரூபாய் உள் கடன் வாங்கி, சிவப்புப் பெயிண்டு வாங்கி, தரை போட்ட பத்தாம் நாளே அடிச்சோம். பொங்கலுக்குப் பளபளன்னு இருந்துச்சு. ஐப்பசி மழை வந்ததும் அங்கங்கே கொப்புளம் மாதிரி எழும்பி, விளக்குமாறு பட்டாலே செதில் செதிலா வந்துச்சு. கடன்ல நாலு தவணை பாக்கி இருக்கு, தரையில பெயிண்டு இல்லை!

பெயிண்டைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. புதுத் தரை மேலே காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ளே ஈரம் இருக்கும். 28 நாளாவது ஆகணும். எங்க வீட்டில போதாக்குறைக்கு மண்ணிலிருந்தும் ஈரம் ஏறுது. மேலே மூடிட்டா அது வெளியே போக வழியில்லாமல் பெயிண்டைத் தள்ளிக்கிட்டு வருது. இப்ப எபாக்ஸின்னு விலை கூடின பூச்சு வந்திருக்கு, அதுக்கும் ஈரம் ஆகாது. எதைப் பூசறதுக்கு முன்னாலும் ஒரு முழம் பாலிதீன் தாளைத் தரையில விரிச்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்க. அடியில வேர்த்திருந்தா பூச வேண்டாம்.

என் மாமியார் பிறந்தது காரைக்குடிப் பக்கம். அந்த வீட்டு ரெட் ஆக்சைடு தரையில இன்னைக்கும் முகம் தெரியும். காரணம், அங்கே நிறம் சிமெண்டுக்குள்ளேயே இருக்கு. ஈரம் வந்தா வெள்ளையா உப்புப் பூக்கும், துடைச்சிடலாம். உரியறதுக்கு மேலே தோல் எதுவும் இல்லையே.

அதைப் போடற விதம் சொல்றேன். சிமெண்டையும் ஆக்சைடையும் தண்ணி படாமல், காஞ்ச பொடியாவே ரெண்டு மூணு தடவை சலிச்சுக் கலக்கணும். 50 கிலோ மூட்டைக்கு 5 கிலோவுக்கு மேலே ஆக்சைடு வேண்டாம். நிறம் தூக்கலா வரட்டும்னு அள்ளிப் போட்டா தரை பலம் குறையும். ஒரு அறைக்கு வேண்டியதை ஒரே தடவையில கலந்து வச்சிடுங்க. மத்தியானம் மறுபடி கலந்தா அந்த இடம் மட்டும் தனியா திட்டுத் தெரியும், நான் பட்டிருக்கேன். அடித்தளம் இறுகி முடியறதுக்குள்ளே, பச்சையா இருக்கும்போதே இந்தக் கலவையை மேலே போட்டு இரும்புக் கரணையால அழுத்தித் தேய்க்கணும். பெரிய அறைன்னா நடுவில கண்ணாடிப் பட்டை வச்சுக் கட்டம் கட்டமாப் பிரிச்சிடுங்க, இல்லேன்னா வெடிப்பு ஓடும்.

மறுநாளிலிருந்து தண்ணி. ஏழு நாளாவது ஈரம் காயவே கூடாது. ஈரச் சாக்கு போட்டு மூடலாம், பாத்தி கட்டியும் நிறுத்தலாம். இங்கேதான் எல்லாரும் ஏமாத்தறாங்க. ரெண்டு நாள் தெளிச்சிட்டுப் போயிடுவாங்க. ஆத்தங்குடிக் கல்லு பார்த்திருப்பீங்க. அதைச் சூளையில சுடறது கிடையாது. கண்ணாடி மேலே கலர் சிமெண்டு ஊத்தி வார்த்து, தண்ணித் தொட்டியில ஊறப்போட்டு எடுக்கிறாங்க. அந்தக் கல்லுக்கே பலம் தண்ணியிலதான் வருது.

நல்லாக் காஞ்ச பிறகு தேங்காய் எண்ணெய் லேசாத் தொட்டுத் துணியால தேய்ச்சா மினுக்கம் வரும். லேசான்னு சொன்னேன்! வயசானவங்க இருக்கிற வீட்டில வழுக்கிடும். புளி, எலுமிச்சை சிந்தினா உடனே துடைக்கணும். ஆசிட் ஊத்திக் கழுவவே கூடாது.

எங்க வீட்டில மிச்சப் பெயிண்டைச் சுரண்டி, பழைய தரையைக் கொத்தி விட்டு, மேலே ஒரு அங்குலம் புதுசாப் போட்டேன். நானே போட்டேன். அது வரைக்கும் 14 வருஷம் சித்தாளு. சலிக்கிறது, கலக்கிறது, தண்ணி விடறது எல்லாம் நான். கரணை பிடிக்கிறவருக்கு மட்டும் கொத்தனார் கூலி. எங்க தரையைப் பார்த்துட்டு மேஸ்திரி ஒருத்தர் ஒரு வீட்டில அறை முழுக்க என்னைப் போட விட்டார். சாயங்காலம் சித்தாள் கூலியை நீட்டினார். "ஏண்ணே, தரை சித்தாள் தரை மாதிரியா இருக்கு?"ன்னு கேட்டேன். சிரிச்சார், கூட்டிக் கொடுக்கலை. மறுநாள் ஹாலுக்கு நான் போகலை. வீட்டுக்காரம்மா அறைத் தரையைக் காட்டி, இதே மாதிரிதான் ஹாலும் வேணும்னு சொல்லிட்டாங்க. மூணாம் நாள் அவரே ஆள் அனுப்பினார். கொத்தனார் கூலி பேசிக்கிட்டுத்தான் கரணையைத் தொட்டேன். வீட்டில அந்த ரெண்டு நாளும் பயம்தான், அதையும் சொல்லிடறேன்.

நம்ம குழுக் கட்டடத் திண்ணைக்கு அடுத்த மாசம் சிவப்புத் தரை போடப் போறோம். கத்துக்க வர்றவங்க ரப்பர் கையுறை கொண்டு வாங்க, சிமெண்டுத் தண்ணி கையை அரிச்சிடும். சலிக்கும்போது மூக்கைக் கட்டிக்கத் துணியும் வேணும். ஆளுக்கு ஒரு கட்டம், அவங்கவங்க கையாலேயே தேய்க்கணும். தண்ணி விடற ஏழு நாளைக்கும் முறை எழுதி வச்சிருக்கேன், போகும்போது பேர் கொடுத்திட்டுப் போங்க.