ஒரிஜினல் லென்ஸா, வெளி லென்ஸா?



தைப்பூசத்தன்று ஈப்போவில் புந்தோங் மாரியம்மன் ஆலயத்திலிருந்து கிளம்பும் காவடிகள் குனோங் சீரோவில் உள்ள கல்லுமலை அருள்மிகு சுப்பிரமணியர் ஆலயத்துக்குப் போய்ச் சேர்கின்றன. அந்தப் பாதையில் கேமராவோடு நிற்பவர்களுக்கு ஆட்டோ ஃபோகஸின் அருமை தெரியும். மயில் காவடி சுழன்று வருகிறது. எதிரே விளக்கு கண்ணைக் கூசவைக்கிறது. நடுவில் சாம்பிராணிப் புகை. கேமரா முகத்தை விட்டுவிட்டு மயிலிறகைப் பிடித்துக்கொண்டால் படம் போனது போனதுதான். காவடி எடுத்தவரை நிறுத்தி, இன்னொரு முறை ஆடுங்கள் என்று கேட்க முடியாது.

கல்யாண மேடையும் அப்படித்தான். கெட்டிமேளம் கொட்டியதும் மூன்று முடிச்சு விழுந்துவிடும். அந்தச் சில வினாடிகளில் மணமகளின் கண் தெளிவாக விழ வேண்டும்.

இங்கேதான் படக்காரர்கள் பல ஆண்டுகளாகப் பேசித் தீராத கேள்வி வருகிறது. கேமரா கேனனோ நிக்கானோ சோனியோ, லென்ஸும் அதே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டுமா? சிக்மா, டாம்ரான், வில்ட்ராக்ஸ் போன்ற வெளி நிறுவனங்களின் லென்ஸ் விலை குறைவு. கண்ணாடியின் தரத்திலும் அவை இன்று யாருக்கும் சளைத்தவை அல்ல. ஆனால் ஃபோகஸை நம்பலாமா?

இந்தச் சந்தேகம் வீண் பயத்தில் பிறந்தது அல்ல. 1985-ல் மினோல்டா 7000 கேமரா வந்த பிறகுதான் ஆட்டோ ஃபோகஸ் பரவலாயிற்று. 1987-ல் கேனன் தன் இஓஎஸ் வரிசையைக் கொண்டுவந்தபோது, ஃபோகஸ் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்துவிட்டது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் சுழலும் அச்சு எதுவும் இல்லை. மின்முனைகள் வழியாகப் போகும் கட்டளைகள் மட்டுமே. 'இவ்வளவு தூரம் நகர்' என்று கேமரா சொல்லும், 'நகர்ந்துவிட்டேன்' என்று லென்ஸ் பதில் தரும். இந்தப் பேச்சின் இலக்கணத்தை கேனன் வெளியாருக்குச் சொல்லித் தரவில்லை. 1950-ல் தொடங்கிய டாம்ரானும் 1961-ல் தொடங்கிய சிக்மாவும் அதை ஒட்டுக்கேட்டுத்தான் கற்றுக்கொண்டன.

ஒட்டுக்கேட்டுக் கற்ற பாஷையில் அன்றைய பேச்சு புரியும். நாளைக்குப் புதிதாக ஒரு சொல் சேர்ந்தால் விழிக்க வேண்டியதுதான். ஃபிலிம் காலத்தில் நன்றாக வேலை செய்த சில சிக்மா லென்ஸ்கள், கேனனின் டிஜிட்டல் கேமராக்களில் பொருத்தியதும் பிழைச் செய்தி காட்டி நின்றுபோயின. உள்ளே இருக்கும் சிப்பை மாற்றினால்தான் அவற்றுக்கு மீண்டும் உயிர் வந்தது. 2013-ல் நிக்கான் டி5300 வெளிவந்தபோது, தன் லென்ஸ்கள் சிலவற்றில், திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூ ஃபோகஸும் அதிர்வுத் தடுப்பும் சரியாக இயங்காது என்று சிக்மாவே அறிவித்து, மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது. சில வெளி லென்ஸ்கள் கேமராவிடம் கேனன் லென்ஸ் ஒன்றின் அடையாள எண்ணையே சொல்லிவந்தன. கேமராவும் அதை நம்பி, அந்த கேனன் லென்ஸுக்கான திருத்தங்களை வெளி லென்ஸின் படத்தில் போட்டுவிடும்.

இதைவிடப் பெரிய தொல்லை டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் உடலமைப்பிலேயே இருந்தது. அவற்றில் படம் விழும் சென்சார் ஒன்று, ஃபோகஸை அளக்கும் சென்சார், ஒளியைத் திருப்பும் கண்ணாடிக்குக் கீழே தனியாக இன்னொன்று. இரண்டுக்கும் தூரம் இம்மி பிசகினாலும், அந்தப் பிசகோடு லென்ஸின் பிசகும் சேர்ந்துகொண்டாலும், ஃபோகஸ் முகத்துக்கு முன்னாலோ பின்னாலோ போய் விழும். 85 மில்லிமீட்டர் லென்ஸில் அபர்ச்சரை எஃப் 1.4-க்குத் திறந்து, 2 மீட்டர் தூரத்தில் நிற்பவரைப் படம் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 4.5 சென்டிமீட்டர்தான். கண் தெளிந்தால் காது மங்கும். மாப்பிள்ளை தாலி முடியக் குனியும் அசைவே அதைவிட அதிகம்.

இந்தப் பிசகைச் சரிசெய்ய, கேமராவிலேயே நுண்திருத்தம் செய்யும் வசதியை நிறுவனங்கள் கொடுத்தன. ஆனால் விலை குறைந்த கேமராக்களில் அது கிடையாது. வெளி லென்ஸ் வாங்குகிறவர்களில் பலரிடம் இருந்ததோ அந்தக் கேமராதான். அந்த நிலையில் சிக்மா செய்த காரியம் மதிக்கத்தக்கது. 2012-ல் ஆர்ட் வரிசையை 35 மில்லிமீட்டர் எஃப் 1.4 லென்ஸோடு தொடங்கிய அந்த நிறுவனம், கணினியில் இணைத்து லென்ஸையே திருத்திக்கொள்ளும் யுஎஸ்பி டாக் என்ற சிறு கருவியை அடுத்த ஆண்டு விற்பனைக்கு விட்டது. ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் என்றால் நான்கு தூரங்களில் தனித்தனியாகத் திருத்தலாம். ஜூம் லென்ஸ் என்றால் 16 இடங்களில். டாம்ரானும் 2016-ல் டாப்-இன் என்ற பெயரில் இதே போன்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அசல் நிறுவனங்கள் தங்கள் லென்ஸ்களுக்கு இப்படி ஒரு கருவியை வாடிக்கையாளர் கையில் கொடுக்கவே இல்லை.

அதற்காக, அசல் நிறுவனத்துப் பொருள் என்றால் பிழையே வராது என்றும் எண்ணிவிடக் கூடாது. 2007-ல் வந்த கேனன் 1டி மார்க் 3, விளையாட்டுப் படக்காரர்களுக்காகவே செய்த விலை உயர்ந்த கேமரா. ஓடுகிறவர்களைத் தொடர்ந்து பிடிப்பதில் அது தடுமாறியது. உள்ளே இருந்த துணைக்கண்ணாடியைச் சரிசெய்து தர வேண்டியதாயிற்று. 2012-ன் நிக்கான் டி800-ல் இடப்பக்கத்து ஃபோகஸ் புள்ளிகள் பிசகின. இரண்டிலும் அசல் லென்ஸ் போட்டிருந்தவர்களும் அவதிப்பட்டார்கள். கேனனின் பழைய 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 மங்கிய வெளிச்சத்தில் முன்னும் பின்னும் அலைந்து தேடும். அதே கேனனின் 85 மில்லிமீட்டர் எஃப் 1.2 உள்ளே இருக்கும் கனத்த கண்ணாடிகளை நகர்த்த நேரம் எடுத்துக்கொள்ளும். நல்ல மோட்டார் வைத்த சிக்மா இந்த இரண்டையும் வேகத்தில் முந்திவிடும். ஆகவே லென்ஸ் மூடியில் இருக்கும் பெயரை மட்டும் பார்ப்பது போதாது. எந்த ஆண்டு லென்ஸ், எந்த ஆண்டு கேமரா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் லென்ஸ் வாடகைக்கு விடும் ரோஜர் சிக்காலா 2012-ல் கேனன் லென்ஸ்களை வரிசையாகச் சோதித்தார். புதிய கேமராவும் புதிய லென்ஸும் சேர்ந்தபோதுதான் ஃபோகஸின் துல்லியம் தெளிவாக உயர்ந்ததைக் கண்டார். பழைய அசல் லென்ஸை மாட்டியபோது புதிய கேமராவும் பின்தங்கியது.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்ததும் ஆட்டம் மாறிவிட்டது. இதில் ஃபோகஸை அளப்பதும் படம் விழும் சென்சாரே. தனிச் சென்சார் இல்லை, இரண்டுக்கும் இடையில் பிசகு என்ற பேச்சும் இல்லை. டிஎஸ்எல்ஆர் காலத்து முன்ஃபோகஸ், பின்ஃபோகஸ் புகார்களில் பெரும்பகுதி இதோடு தீர்ந்தது. சோனி 2011-லேயே இ-மவுண்ட் என்ற தன் லென்ஸ் பொருத்தும் அமைப்பின் அடிப்படை விவரங்களை மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டதால், அங்கே ஒட்டுக்கேட்கும் அவசியமும் குறைந்தது. 2018-ல் வந்த சோனி ஏ7-இன் மூன்றாம் பதிப்பும், அதே ஆண்டில் வந்த டாம்ரான் 28-75 எஃப் 2.8 லென்ஸும் கல்யாணப் படக்காரர்கள் பலரின் முதல் ஜோடியாகிவிட்டன. கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி அந்த வெளி லென்ஸிலும் இயங்கியது. அதே 2018-ல் லைக்கா, பானசோனிக்கோடு சேர்ந்து எல்-மவுண்ட் கூட்டணி அமைத்தது சிக்மா. அந்த மவுண்ட்டில் சிக்மாவும் அசல்தான்.

இன்னும் மிச்சம் இருக்கும் வேறுபாட்டுக்குக் காரணம் அனுமதி. சோனி ஏ9-இன் மூன்றாம் பதிப்பு சோனி லென்ஸோடு வினாடிக்கு 120 படங்கள் வரை எடுக்கும். வெளி லென்ஸைப் பொருத்தினால் 15-தான். அந்த எல்லையைப் போட்டது கேமரா நிறுவனம். காவடி ஆட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் 15 தாராளம். பறவையையும் பந்தையும் துரத்துகிறவர்களுக்கு மட்டுமே அது குறை.

கேனன் இன்னும் கெடுபிடி. 2018-ல் தொடங்கிய ஆர்எஃப் மவுண்ட்டுக்கு வில்ட்ராக்ஸ் ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் செய்து விற்றது. தன் காப்புரிமையை மீறியதாகச் சொல்லி 2022-ல் கேனன் அதை நிறுத்தச் செய்தது. 2024-ல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் உரிமம் கிடைத்தது. அப்போதும் அவை அறிவித்தவை சிறிய சென்சார் கேமராக்களுக்கான லென்ஸ்கள் மட்டுமே. உரிமம் பெற்றுச் செய்த லென்ஸில், அடுத்த கேமரா வந்ததும் முடங்கிவிடுமோ என்ற அச்சம் பெரிதும் குறையும். நிக்கானின் இசட் மவுண்ட்டுக்கு 2022-ல் டாம்ரானும், அதற்கு அடுத்த ஆண்டு சிக்மாவும் உரிமத்தோடு வந்தன. இந்தக் கதவுகள் இன்னும் அகலத் திறக்க வேண்டும். கேமராவுக்குப் பணம் கொடுத்தவருக்கு, எந்த லென்ஸைப் பொருத்துவது என்று முடிவு செய்யும் உரிமை இருக்கிறது.

சரி, புந்தோங்கில் இன்று புதிதாகக் கல்யாணப் படம் எடுக்கத் தொடங்கும் இளைஞர் எதை வாங்கலாம்? சோனி வைத்திருப்பவர் சிக்மாவையோ டாம்ரானையோ, பானசோனிக்கின் எல்-மவுண்ட் கேமரா வைத்திருப்பவர் சிக்மாவையோ தயங்காமல் வாங்கலாம். நிக்கான் இசட் வைத்திருப்பவர் உரிமம் பெற்ற லென்ஸா என்று கேட்டு வாங்கலாம். கேனன் ஆர்எஃப் வைத்திருப்பவருக்கு, பழைய கேனன் இஎஃப் லென்ஸை அடாப்டர் போட்டுப் பொருத்துவது விலையிலும் நம்பகத்தன்மையிலும் நல்ல வழி. பழைய டிஎஸ்எல்ஆர் வைத்துக்கொண்டு செகண்ட் ஹேண்டில் சிக்மாவோ டாம்ரானோ தேடுகிறவர்தான் அதிகம் கவனிக்க வேண்டியவர்.

அவருக்கு ஓர் எளிய சோதனை உண்டு. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அபர்ச்சரை முழுதாகத் திறந்து, ஒரே பொருளை வியூஃபைண்டர் வழியாகச் சில படங்களும் லைவ் வியூவில் சில படங்களும் எடுக்க வேண்டும். லைவ் வியூவில் தெளிந்து வியூஃபைண்டரில் மங்கினால், பிசகு அளவீட்டில்தான். கேமராவில் நுண்திருத்தமோ லென்ஸுக்குத் திருத்தும் கருவியோ இருந்தால் திருத்திவிடலாம். ஒரு படம் முன்னே, ஒரு படம் பின்னே என்று தாறுமாறாக விழுந்தால் எந்தத் திருத்தமும் உதவாது. அந்த லென்ஸை வாங்க வேண்டாம்.

மிரர்லெஸ்காரர்களும் சோதிக்காமல் இருக்கக் கூடாது. மண்டப வெளிச்சத்தில் நண்பர் ஒருவரைக் கேமராவை நோக்கி நடந்துவரச் சொல்லித் தொடர்ந்து படம் எடுத்துப் பார்த்தால், பத்துக்கு எத்தனை தெளிகிறது என்று தெரிந்துவிடும். சுவரில் ஒட்டிய காகிதத்தைப் படம் எடுத்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. லென்ஸின் மென்பொருள் புதியதா என்றும் பார்க்க வேண்டும். டாம்ரானின் அண்மைக்கால மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றிலும், வில்ட்ராக்ஸிலும் யுஎஸ்பி இணைப்பு லென்ஸிலேயே இருப்பதால் வீட்டிலேயே புதுப்பித்துக்கொள்ளலாம். ஈப்போவின் ஈரக் காற்றில், ஊர்வலத்தில் வேர்த்த கையோடு லென்ஸ் மாற்றும்போது மின்முனைகளில் அழுக்குப் படியும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவதற்கு முன் உலர்ந்த மென்துணியால் அவற்றைத் துடைத்துப் பார்க்கலாம்.

புதிய லென்ஸை முதன்முதலாக ஒரு கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நேயர்களே. வாங்கிய வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் போங்கள். அனுமதி கேட்டுக்கொண்டு, தீபாராதனை வெளிச்சத்தில் நூறு படங்கள் எடுத்து, கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகு ஆர்டர் எடுங்கள்.