பழைய மோட்டார் சைக்கிளும் மலைக்காற்றும்

அவிசாவளையிலிருந்து மலைநாட்டை நோக்கிப் புறப்படும் மோட்டார் சைக்கிள் ஒன்று, கித்துல்கலை, கினிகத்தேனை ஆகிய ஊர்களைக் கடந்து, ஹட்டனைத் தாண்டி, கொட்டகலை வழியாகத் தலவாக்கலையை அடையும்போது ஏறக்குறைய 4,000 அடி உயரத்துக்கு வந்துவிடுகிறது. வண்டி அதே வண்டிதான், பெட்ரோலும் அதே பெட்ரோல்தான், ஓட்டுகிறவரும் அவரேதான். ஆயினும் கீழ்நாட்டில் கணீரென்று ஒலித்த யந்திரம், இங்கே தொண்டை கட்டியவர் பேசுவதைப்போல் முனகுகிறது. புகைக்குழாயின் வாயில் கரி படிகிறது. ஏற்றத்தில் வலு குன்றுகிறது. வண்டி கெட்டுப்போயிற்றோ என்று உரியவர் கலங்குகிறார். வண்டியில் பழுது எதுவும் இல்லை, நேயர்களே. மாறியது காற்று ஒன்றே.

திம்புள்ளப் பிரதேசத்துத் தேயிலைத் தோட்டங்கள் பெரும்பாலும் 3,500 அடிக்கும் 5,500 அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் அமைந்தவை. அந்த உயரமும், தை மாசி மாதங்களில் வீசும் வறண்ட குளிர்காற்றும் சேர்ந்தே திம்புள்ளத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்தன என்பதை யாவரும் அறிவர். கொழுந்துக்கு நன்மை செய்யும் அதே உயரம், யந்திரத்தின் மூச்சுக்குச் சோதனையாகிறது. பழைய மோட்டார் சைக்கிளொன்றை வீட்டிலேயே செப்பனிட விரும்புகிறவர், இந்த ஒன்றை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வாராயின், பின்னர் வரும் தொல்லைகளிற் பாதி குறைந்துவிடும்.

இம்மலைகளுக்கு மோட்டார் சைக்கிள் புதியதன்று. தோட்டத்து மலைகளைச் சுற்றிப் பார்க்கச் சின்னத்துரைமார் ஒருகாலத்தில் குதிரையில் சென்றனர். பின்னர் மோட்டார் சைக்கிளில் சென்றனர். பி.எஸ்.ஏ., டிரையம்ப், நார்ட்டன், மாட்ச்லெஸ் என்னும் பிரித்தானியப் பெயர்கள் அக்காலத்தில் இங்கே பழகிப்போனவை. நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் சென்ற பின்னர் சில வண்டிகள் கைமாறின. சில கொட்டில்களில் சாக்குப் போர்த்திக் கிடந்தன. அவற்றில் ஏறித் திரிந்தவர்கள் துரைமார். ஆனால் அவற்றுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தவை பெரும்பாலும் தேயிலைத் தொழிற்சாலையின் உருளைகளையும் யந்திரங்களையும் பேணிய தொழிலாளரின் கைகளே. அந்தக் கைகளின் பெயர் எந்தக் கைந்நூலிலும் அச்சாகவில்லை.

பழைய வண்டியைத் திருத்துவது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள், அண்மைக் காலத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல்தான் அத்தடை பரவலாகத் தளர்ந்தது. இடையில் 2022 இல் பெட்ரோல் பஞ்சம் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் தொடங்கிய பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரத்துக்கு நான்கு லீற்றர்தான் கிடைத்தது. அந்த நான்கு லீற்றரில் ஒரு பகுதியைக் கரும்புகையாக ஊதிவிட்ட வண்டியும் உண்டு. முழுவதையும் பாதையிற் பயன்படுத்திய வண்டியும் உண்டு. இரண்டுக்கும் இடையே இருந்தது ஒரு பித்தளைத் துண்டின் துவாரமாகவே இருந்திருக்கலாம்.

வண்டியை விலைபேசுமுன் பார்க்கவேண்டியது மினுக்கத்தையன்று, பதிவுப் புத்தகத்தை. சட்டத்தில் பொறித்த இலக்கமும் யந்திரத்தில் பொறித்த இலக்கமும் அப்புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாத வண்டிக்கு எவ்வளவு உழைத்தாலும் அது வீட்டு முற்றத்துப் பொம்மைதான்.

அடுத்தது தடுப்பு. மலைநாட்டில் ஓடாத வண்டியால் யாருக்கும் கேடில்லை. நில்லாத வண்டியால்தான் கேடு. ஆகவே யந்திரத்தில் கைவைக்குமுன் பிரேக்கையும், அதன் கம்பிகளையும், டயர்களையும் சீராக்கிக்கொள்வதே அறிவுடைமை. முடுக்கிக் கம்பியில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் அதனை மாற்றிவிட வேண்டும். கொண்டையூசி வளைவொன்றில் முடுக்கி திறந்தபடி சிக்கிக்கொண்டால், அதற்குமேல் கற்றுக்கொள்ள அவகாசம் கிடைப்பதில்லை.

பெட்ரோல் தாங்கியின் உட்புறத் துரு இன்னொரு சத்துரு. பல ஆண்டுகள் கிடந்த தாங்கியினுள் சிறுகற்களையோ ஒரு துண்டுச் சங்கிலியையோ இட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கிக் குலுக்கித் துருவைக் கழுவி எடுப்பார்கள். ஓட்டை இருந்து பற்றவைக்க நேர்ந்தால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பெட்ரோல் நிறைந்த தாங்கியைக் காட்டிலும், பெட்ரோல் வடித்த வெறுந்தாங்கியே கொடியது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். லயத்து வீடுகளில் சமையலறையும் முன்னறையும் அருகருகே இருப்பதால், அடுப்பெரியும் வீட்டினுள் பெட்ரோலைத் திறப்பதே கூடாது. முற்றமே பட்டறை.

இனி கார்புரேட்டருக்கு வருவோம். மூட்டைப்பூச்சி மருந்தடிக்கும் பழைய கைப்பம்பைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. குழாயின் வாயைக் கடந்து காற்று விரைந்தோடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழேயுள்ள திரவம் தானே மேலெழுந்து தூவலாகிறது. கார்புரேட்டரின் குறுகிய தொண்டையிலும் நிகழ்வது இதுவே. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று கலந்தால் எரிதல் செவ்வையாக நடைபெறும். தலவாக்கலை உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே குறைந்துவிடுகிறது. ஆனால் துவாரம் அதே துவாரமாதலால், பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. விளைவு, கலவை செறிந்துவிடுகிறது. சோறு அதிகம், காற்றுக் குறைவு என்ற நிலை.

பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் இருப்பது அமல் என்னும் கார்புரேட்டர். மூன்று நிறுவனங்கள் ஒன்றிணைந்து 1927 இல் உருவான கம்பனி அது. அதன் கைந்நூலில் உயரத்துக்கென்றே ஒரு விதி கூறப்பட்டுள்ளது. 3,000 அடிவரை மாற்றம் வேண்டியதில்லை. 3,000 அடிக்கும் 6,000 அடிக்கும் இடையில் பிரதான ஜெட்டை நூற்றுக்கு 5 வீதம் சிறியதாக்க வேண்டும். அதற்குமேல் ஒவ்வொரு 3,000 அடிக்கும் மேலும் 4 வீதம். அமல் ஜெட்டின் மீது பொறிக்கப்பட்ட எண், அதனூடாகப் பாயும் பெட்ரோலின் அளவைக் குறிப்பது. ஆகவே கொழும்பில் 200 ஆம் எண் ஜெட்டோடு நன்றாக ஓடிய வண்டிக்குத் திம்புள்ளையில் 190 ஆம் எண் பொருந்தும். திம்புள்ள முழுவதும் இந்த இரண்டாம் படிக்குள் அடங்கிவிடுவது ஒரு வசதி. நுவரெலியா நகரம் 6,000 அடியைச் சற்றே தாண்டி நிற்கிறது.

ஒன்றை மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். ஜெட்டைக் குறைப்பதனால் இழந்த வலு முழுவதும் திரும்பாது. மெல்லிய காற்றில் யந்திரம் உள்வாங்கும் மூச்சே குறைவு. சீர்செய்வதால் கிடைப்பது, உள்ள காற்றுக்கு ஏற்ற பெட்ரோல், அவ்வளவே. முன்னிருந்த வேகத்தை எதிர்பார்த்து மேலும் மேலும் திருகாணிகளைத் திருகுகிறவர், நன்றாயிருந்ததையும் கெடுத்துவிடுகிறார்.

நீண்டநாள் நின்ற வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றினால், மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் வற்றி அரக்குப்போற் படிந்திருக்கும். ஜெட்டுகள் பித்தளையாலானவை. அவற்றின் துவாரத்தை ஊசியாலோ உருக்குக் கம்பியாலோ குத்துவது பெரும்பிழை. துவாரம் அணுவளவு விரிந்தாலும் எண்ணுக்குப் பொருளில்லாமற் போய்விடும். ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே முறை. கார்புரேட்டரைத் திரும்பப் பொருத்தும்போது, இறுக்கினால் நல்லது என்று பலமாக முறுக்குகிறவர் பலர். உடல் மென்மையான துத்தநாகக் கலப்பு உலோகம். பொருந்து முகம் வளைந்து, அவ்வழியே கள்ளக்காற்று புகும். கள்ளக்காற்றுப் புகுந்த வண்டியை எந்தத் திருகாணியாலும் சீர்செய்ய முடியாது. யந்திரம் ஓடுகையில் அந்த மூட்டில் ஓரிரு துளி எண்ணெயை விட்டுப் பார்த்தால், ஓசை மாறுவதிலிருந்து கசிவைக் கண்டுகொள்ளலாம்.

அப்போதும் உடனே சீர்செய்யப் புகலாகாது. தீப்பொறி சரியான வேளையில் பிறக்கிறதா, வால்வு இடைவெளி சரியா என்று பார்த்த பின்னரே கார்புரேட்டரின் முறை. தென்மேற்குப் பருவமழைக் காலத்து ஈரம் மின்கம்பிகளிற் புகுந்து செய்யும் குறும்புக்கெல்லாம் கார்புரேட்டர் பழி சுமப்பது மலைநாட்டில் வழக்கமாகிவிட்டது.

முடுக்கியை முழுதும் திறந்திருக்கும்போது ஆட்சி செய்வது பிரதான ஜெட். கால்பங்கிலிருந்து முக்கால்பங்குவரை ஊசி. எட்டிலொரு பங்கிலிருந்து கால்பங்குவரை, மேலும் கீழும் நகரும் உருளையின் வெட்டுவாய். அதற்கும் கீழே, யந்திரம் நின்ற நிலையில் ஓடும்போது, சிறிய காற்றுத் திருகாணி. பிரதான ஜெட்டை முதலில் தீர்மானித்து, பின் காற்றுத் திருகாணியையும் வெட்டுவாயையும் ஊசியையும் பார்த்து, முடிவில் மீண்டும் திருகாணிக்கே வருவது உற்பத்தியாளர் காட்டிய வழி. அமல் திருகாணியை உள்ளே திருகினால் காற்றுக் குறைந்து கலவை செறியும். வெளியே திருகினால் இலேசாகும். மலைநாட்டில் பெரும்பாலும் வெளியே திருகத்தான் வேண்டியிருக்கும். யந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகே இதனைச் செய்ய வேண்டும். அதுவும் கதவடைத்த அறைக்குள் அல்ல. புகைவாயு மணமின்றிக் கொல்லும்.

ஒரு வேளையில் ஒரு மாற்றம் என்பதே இக்கலையின் கடினமான பகுதி. ஜெட்டையும் ஊசியையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டு, எது பயன்தந்தது என்று தெரியாமல் விழிப்பவர்கள் அநேகர்.

இரட்டைக் கார்புரேட்டர் உள்ள வண்டியில் பொறுமை இரட்டிப்பாக வேண்டும். 1959 ஆம் ஆண்டுக்குரிய வண்டியாக வெளிவந்த டிரையம்ப் பொன்னவில் அவ்வகையில் புகழ்பெற்றது. அது பெயர் பெற்ற அமெரிக்க உப்புப் பாலைவனம் ஹட்டன் நகரத்தின் உயரத்துக்கு ஏறக்குறையச் சமமான உயரத்தில் இருப்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை. இரண்டு உருளைகளும் ஒரே கணத்தில் ஒரே அளவு எழுகின்றனவா என்று, கையை உள்ளே விட்டு விரலால் தொட்டறிவது முதற்படி. பிறகு ஒரு சிலிண்டரின் பிளக் கம்பியைக் கழற்றி, மற்றொன்றை மட்டும் தனியே ஓடவிட்டுச் சீராக்க வேண்டும். பின் இடம்மாற்றிச் செய்ய வேண்டும். கழற்றிய கம்பியைத் தொங்கவிடாமல் உலோகத்தோடு தொடும்படி வைத்தால் மின்னாக்கி பிழைக்கும். இரண்டும் சேர்ந்து ஓடும்போது வேகம் ஏறிவிடும்; இரண்டு நிறுத்துத் திருகாணிகளையும் சம அளவு தளர்த்திக் குறைக்க வேண்டும். இறப்பர்க் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியைக் கார்புரேட்டரின் வாயருகிலும் வைத்து, இரண்டின் சீறலையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வைத்தியர் நெஞ்சைச் சோதிக்கும் காட்சிதான்.

இறுதிச் சோதனை பாதையில்தான். லிந்துலையிலிருந்து நானுஓயாவை நோக்கிய ஏற்றத்தில் வண்டியைத் திறந்துவிட்டு, வாகன நெரிசலில்லாத இடத்தில் முடுக்கியைக் குறைக்காமலே கிளட்சைப் பிடித்து யந்திரத்தை அணைத்து, பாதையோரத்தில் நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். கரி படிந்திருந்தால் கலவை செறிவு. வெளுத்திருந்தால் இலேசு, அதுவே ஆபத்து, பிஸ்டன் உருகவும் கூடும். பீங்கான் பகுதி, பால் கலவாத தேநீரின் இளம்பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். திரும்பி வரும் இறக்கத்தில் முடுக்கியை முழுதும் மூடும்போது புகைக்குழாய் படபடவென்று வெடித்தால், சிறு திருகாணி இன்னும் அரைக்கால் சுற்று உள்ளே போகலாம்.

வீடு வந்ததும் ஜெட்டின் எண்ணையும், ஊசியின் படியையும், திருகாணி எத்தனை சுற்று வெளியே நிற்கிறது என்பதையும், அன்றைய நாளையும் வானிலையையும் குறித்து வைத்துக்கொள்வது வழக்கம். சிலர் கொப்பியில் எழுதுவர். சிலர் கருவிப்பெட்டியின் மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதுவர். அந்த மூடி வண்டியோடு கைமாறிப் போகும்.