நொய்யலுக்குச் செவிசாய்த்தல்

தலைவர் அவர்களே, பத்தாண்டுக் காலம் இவ்வட்டத்தைக் கட்டிக் காத்துவரும் அன்பர்களே, கவிஞர் பெருமக்களே!

'கேட்டல்' பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். பாடுவோர் நிறைந்த அவையில் சற்றே வாய்மூடுங்கள் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு ஏது? வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார் என்ற தைரியத்தில் தொடங்குகிறேன்.

'கேள்' வியப்பான சொல். செவியுறுதலும் அதுவே, வினவுதலும் அதுவே. பெயராய் நின்றால் உறவு என்றும் பொருள்தரும். 'சொன்னாக் கேளு' என்று நம் கொங்குத் தாய்மார் பிள்ளையை அதட்டுகையில், காதில் வாங்கிக்கொள் என்றா சொல்கிறார்கள்? அதன்படி நட என்கிறார்கள். எபிரேயத்தின் 'ஷெமா'வும் அத்தகையதே. இயேசு பெருமான் முதன்மையானதென எடுத்துரைத்த கட்டளை அச்சொல்லில்தான் தொடங்குகிறது. ஓரேபு மலையில் எலியா பெருங்காற்றையும் நிலநடுக்கத்தையும் தீயையும் கண்டார்; இறைவன் அவற்றில் இல்லை. பின்வந்த மெல்லிய ஒலிக்கே அவர் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தார். அக்குரல் அவரை மலையில் அமர்த்தவில்லை; வந்த வழியே திரும்பிப் போகச் சொன்னது.

நமக்குத் திரும்பும் வழி நொய்யற்கரை. வெள்ளியங்கிரிச் சாரலில் பிறந்து, பேரூரையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் ஆறு. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை எழுந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாயிற்று. எவருக்காகக் கட்டினார்களோ அந்த உழவர்களே 'இந்தத் தண்ணீர் வேண்டாம்' என்றனர். வானம் பார்த்த பூமியில் ஓர் உழவன் தண்ணீர் வேண்டாம் என்பதைவிட உரத்த குரல் உண்டா? அந்நாளில் நம்மில் பலர் காஞ்சிமாநதி என்று அதன் பழம்பெயர் சொல்லிப் பாடிக்கொண்டிருந்தோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உழவர்கள் நீதிமன்றம் ஏறினர். 2009இல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது. கழிவை நிறுத்தாத ஆலைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆறு மூச்சுவிட்டது, பிழைக்க வந்த கூலித் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். நிலத்தின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் சேர்த்தே கேட்கவேண்டும் என்கிறது, திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' சுற்றுமடல். எழுதுவது எளிது. திருப்பூரில் அவ்விரண்டும் ஒன்றையொன்று மறுத்தல்லவா ஒலித்தன! என்னிடம் முழு விடையில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது: கழிவைத் தூய்மைசெய்யும் செலவு பனியனின் விலையில் ஏறவில்லை. உழவன் அதைக் கட்டினான், பின்னர்க் கூலியாளும் கட்டினான். உடுத்தியவர் கட்டவில்லை.

பிறருக்கு நாம் செய்யவேண்டிய முதல் தொண்டு செவிகொடுப்பதே என்று ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோபர் 1938இல் எழுதினார். எப்போதும் பேசியாக வேண்டும் என்று கருதிய குருமாரை எண்ணி எழுதியது. கவிஞர்களையும் அவர் அறிந்திருப்பார் போலும்.

ஆகவே ஒரு விண்ணப்பம். பதினோராம் ஆண்டின் முதற் கூட்டத்தை ஒரத்துப்பாளையத்துக்கு அருகே ஏதேனும் ஒரு சிற்றூரில் நடத்துவோம். உழவரையும் சாயப்பட்டறைத் தொழிலாளரையும் அழைப்போம். அன்று யாரும் கவிதை வாசிக்கவேண்டாம், அவர்கள் பேசட்டும். தேதியைச் செயலாளர் இம்மேடையிலேயே அறிவித்தால் மகிழ்வேன்.