நிலத்தடி நீருக்கும் வரம்பு வேண்டும்

(தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



பால்மரத்தை எப்படி வெட்டவேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மரத்திற்கு ஓய்வு கொடுத்து வெட்டுகிறோம். பேராசை கொண்டு ஓயாமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். நிலத்தடி நீரும் அத்தகையதே. மழை ஊறித் தரும் அளவோடு எடுத்தால் தலைமுறைக்கும் வரும். மிஞ்சி எடுத்தால் குறையும்.

"என் நிலத்து நீரை நான் எடுக்கச் சட்டம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நிலத்திற்கு வேலி உண்டு. அடியில் ஓடும் நீருக்கு வேலி ஏது? பணக்காரர் ஆழக் குழாய் இறக்கி இரவும் பகலும் இறைத்தால், பக்கத்து ஏழையின் ஆழமில்லாக் கிணறுதான் முதலில் வற்றும்.

அண்டை நாடாகிய தாய்லாந்தைப் பாருங்கள். பாங்காக் நகரம் கடல் மட்டத்திற்குச் சற்றே மேலே, களிமண்மீது நிற்கிறது. ஆழத்து மணற்படுகை நீரை அளவின்றி இறைத்ததால் களிமண் நசுங்கியது. 1980 வாக்கில் சில பகுதிகள் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்ந்தன. தாழ்ந்த நிலம் மீண்டும் எழவில்லை. மழைக்காலத்தில் வெள்ளம் வடிய வழியின்றித் தவித்தவர்கள் எளிய மக்களே!

1977-ல் அங்கே நிலத்தடி நீர்ச் சட்டம் பிறந்தது. உரிமமின்றிக் கிணறு தோண்டக்கூடாது என்றது. ஆனாலும் இறைப்பு நிற்கவில்லை. 1985-ல் ஒரு கன மீட்டருக்கு 1 பாட் கட்டணம் வந்தது. நீர் மலிவாகவே இருந்தது. அது படிப்படியாக உயர்ந்து 2003-ல் 8.50 பாட் ஆயிற்று. 2004-ல் பாதுகாப்புக் கட்டணமும் சேர்ந்தது. குழாய் நீரும் பல இடங்களுக்குச் சென்றது. அதன் பின்னரே இறைப்பு குறைந்தது, நீர்மட்டம் ஏறியது, நிலம் தாழ்வதும் வெகுவாகத் தணிந்தது.

தோழர்களே! இதில் நமக்கொரு பாடம் உண்டு. ஏட்டில் எழுதிய ஒப்பந்தம் சம்பளத்தை உயர்த்திவிடாது. அதை நிறைவேற்றச் சங்கம் விழித்திருக்க வேண்டும். நீர்ச் சட்டமும் அப்படித்தான். அளக்க மீட்டர் வேண்டும். மீறினால் தண்டனை வேண்டும். மாற்று நீரும் வேண்டும்.

நம் கிளந்தானில் நிலத்தடி நீரை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். நம் நாட்டில் நீர்வளம் மாநில அரசுகளின் பொறுப்பு. ஆகவே அவற்றிடம் நாம் கேட்பது இதுதான்: குடிப்பதற்கும் சமைப்பதற்கும் எடுக்கும் வீட்டுக் கிணற்றை வருத்தாதீர், பெரிய பம்புகளுக்கு வரம்பு வையுங்கள்!

மரம் காய்ந்தபின் ஓய்வு கொடுத்துப் பயனில்லை.