பெயர், ஊர், காரணம்

(பரளச்சியில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நோய், கொடுமை, தீ: 2020ஆம் ஆண்டும் தமிழ்க் கவிதையும்' என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். விழா மேடைக்கு இது மங்கலமான பொருள் அன்று. ஆயினும் நம் வட்டத்தின் பத்தாண்டுகளில் மாதக் கூட்டம் தொடர்ந்து நடவாமற்போன காலம் அந்த ஆண்டில்தான் வந்தது. கூடாதிருந்த அந்த மாதங்களில் என்ன நிகழ்ந்தது, அதை நாம் என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்ளாமல் பத்தாண்டுக் கணக்கை முடித்தல் பொருந்தாது.

மூன்றும் ஒன்றே

தமிழகத்தில் கொரோனாவின் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியாயிற்று. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. அதே நாளில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மாநிலத்தின் முதல் உயிரிழப்பு நேர்ந்தது. அருப்புக்கோட்டையில் தறிகள் நின்றன. முறுக்குப் போடவும் கடை வைக்கவும் வடமாநிலங்களுக்குப் போயிருந்த தென்மாவட்ட இளைஞர்கள் திரும்ப வழியின்றித் தவித்தனர். இறுதிச் சடங்கில் இருபது பேருக்கு மேல் கூடலாகாது என விதி வந்தது. ஒப்பாரிக்குப் பேர்போன மண்ணில் ஒப்பாரியின்றிப் பிணங்கள் எடுக்கப்பட்டன. ஏப்ரல் 19 அன்று சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் எர்க்குலிசு நோயுற்று மறைந்தபோது, அடக்கம் செய்யச் சென்றவர்களைக் கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கி விரட்டியது. இறுதியில் உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவரே நள்ளிரவில் மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டின் முடிவில் மாநிலத்தில் இறந்தோர் தொகை பன்னிரண்டாயிரத்தை எட்டியது.

இவ்வூரிலிருந்து தெற்கே சிறிது தொலைவு சென்றால் தூத்துக்குடி மாவட்ட எல்லை வந்துவிடும். 2018 மே 22 அன்று ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாம் நாளில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூவரை இழந்த மாவட்டம் அது. அந்த ஸ்டெர்லைட் ஆலையைத் திறக்கக் கோரிய மனுவைச் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும் 2020 ஆகஸ்ட் 18இல்தான். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தனர் என்ற குற்றச்சாட்டின்பேரில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் ஆகிய இருவரும் ஜூன் 19 மாலை காவல்நிலையம் கொண்டு செல்லப்பட்டனர். பின்னர் கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஜூன் 22 இரவு மகனும், மறுநாள் விடியலில் தந்தையும் இறந்தனர். வணிகர்கள் கடையடைத்தனர், நோய்க்கு அஞ்சி வீட்டுக்குள் இருந்த மக்கள் வீதிக்கு வந்தனர்.

அடுத்தது தீ. நம் மாவட்டத்துக்குத் தீயை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2020 செப்டம்பர் 4 அன்று கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் அருகே குருங்குடியில் வெடி தயாரிக்கும் இடம் வெடித்துப் பெண்கள் பலர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று நம் சாத்தூர் வட்டாரத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நோய் வந்து ஓராண்டு நிறைவதற்குள் இவை அனைத்தும் நடந்துவிட்டன.

நாளேடுகளில் இம்மூன்றும் வெவ்வேறு பக்கங்களில் வந்தன. ஆனால் மூன்றையும் இணைக்கும் ஒரு கேள்வி உண்டு. வீட்டுக்குள் இருங்கள் என்று நாடே சொன்னபோது இருக்க முடியாதவர் யார்? கடையைத் திறந்தால்தான் உலை கொதிக்கும் என்றிருந்தவர் வெளியே வந்தார். கூலி வேண்டியவர் மருந்து அறைக்குள் போனார். பிறர் நோயைத் தொட்டுப் பார்க்க வேண்டியவர் மருத்துவமனைக்குப் போனார். கேட்டின் வாசல்கள் மூன்று. அவற்றுள் நுழைய நேர்ந்தவரோ ஒரே இனத்தவர்: அன்றாடம் வெளியே வந்தாக வேண்டியவர்.

இது நமக்கு மட்டும் வாய்த்த விதியும் அன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சான்டா குரூஸ் என்னும் கடலோர மாவட்டம் அதே ஆண்டில் இதே மூன்றையும் கண்டது. மே 25 அன்று மினியாபொலிசில் காவலர் ஒருவரின் முழங்காலுக்கடியில் ஜார்ஜ் பிளாய்டு மாண்டபின் அங்கும் மக்கள் திரண்டனர். குற்றம் எங்கே நிகழும் என்று கணினியால் முன்கூட்டிக் கணிக்கும் காவல் முறையைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரம் என்று ஜூன் மாதத்தில் சான்டா குரூஸ் நகரம் பெயர் பெற்றது. ஆகஸ்ட் 16 அன்று மழையின்றி விழுந்த மின்னல்களால் மூண்ட காட்டுத்தீ எண்பத்தாறாயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு கட்டடங்கள் சாம்பலாயின. நோய்க்காக விலகியிருந்தோரைத் தீ மீண்டும் முகாம்களில் ஒன்றுகூட்டியது. அங்கே 1902 முதல் காக்கப்பட்டு வந்த செம்மரக் காட்டின் முதிய மரங்களிற் பல கரிந்த உடலோடு மறுபடியும் தளிர்த்தன. மரத்துக்கு அந்த வரம் உண்டு. மனிதனுக்கு இருப்பது நினைவு ஒன்றே.

தீ என்னும் சொல்

அந்த ஆண்டில் தமிழில் கவிதைக்குப் பஞ்சமில்லை. கைப்பேசியில் நாள்தோறும் பா வந்தது. இணையவழிக் கவியரங்குகள் பெருகின. கொரோனாவை அரக்கனாக்கிப் பாடினோம். கைகழுவச் சொல்லி வெண்பா இயற்றினோம். ஆள் நடமாட்டமற்ற தெருவில் மயில் அகவியதை வியந்தோம். அவற்றை இகழ்வது என் நோக்கமன்று. அச்சத்தில் இருந்த மனிதனுக்கு அவையும் ஒரு துணைதான். ஆனால் இன்று அவற்றை எடுத்துப் படித்தால் எந்த ஊர், எந்த ஆள், எப்படி இறந்தான் என்பது அவற்றில் இல்லை.

தீயின் கதையும் இதுவே. நம் கவிதைகளில் தீ என்றால் புரட்சி, சினம், காதல். விருதுநகர் மாவட்டத்துக் கவிஞன் அச்சொல்லை எடுக்குமுன் ஒரு கணம் தயங்க வேண்டும். இங்கே தீ என்பது கூலி. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். ஈரமற்ற காற்றும் மழையற்ற வானமும் அத்தொழிலுக்கு உகந்தவையாயின. கம்புக்கும் குதிரைவாலிக்கும் பருத்திக்கும் கேடான அதே வறட்சி வெடிமருந்துக்கு நன்மையாயிற்று. மானாவாரி பொய்த்த குடும்பம் ஆலைப் பேருந்தில் ஏறியது. மருந்து கலக்கும்போதும் செலுத்தும்போதும் ஏற்படும் உராய்வு ஒன்றே போதும். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் உள்குத்தகையாய்ப் பலர் கைக்குப் போவதும், நால்வர் இருக்க வேண்டிய அறையில் மேலும் பலர் அமர்வதும், அறைக்கு வெளியே மரத்தடியில் வேலை நடப்பதும் நாம் அறியாதவை அல்ல. இவற்றை எழுதாமல் தீயை உவமையாக மட்டும் எழுதுவது, எரிந்தவரின் சாம்பலை அள்ளித் திருநீறென்று பூசிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

முன்னோர் வகுத்த நெறி

'செய்தியை எழுதுவது கவிஞன் வேலையா? பொறுத்திருந்து, ஆறியபின் எழுதுவதல்லவா கவிதை?' என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். சூட்டோடு எழுதியவற்றுள் பெரும்பாலானவை சூட்டோடு மறைந்தன. ஆனால் ஐந்தாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. இன்னும் பொறுத்திருப்போமானால் அது ஆறுதல் ஆகாது, மறத்தல் ஆகும்.

மேலும் இது நம் மரபுக்குப் புறம்பான வேலையும் அன்று. 1876-78இன் தாது வருடப் பஞ்சத்தை இப்பகுதி மக்கள் கும்மியாகப் பாடினர். சிவகங்கைச் சமஸ்தானப் புலவர் வில்லியப்ப பிள்ளை அப்பஞ்சத்தைப் பொருளாகக் கொண்டு 'பஞ்ச லட்சணத் திருமுக விலாசம்' பாடினார். பஞ்சத்தால் வருந்திய குடிகளுக்காக மதுரைச் சுந்தரேசுவரரே சிவகங்கைத் துரைசிங்க மன்னருக்குத் திருமுகம் எழுதுவதாக அமைந்த அந்நூலில், சிரிப்பினூடே ஒரு காலத்தின் பட்டினியும் பித்தலாட்டமும் பதிவாகியுள்ளன. புயலையும் வெள்ளத்தையும் ரயில் விபத்தையும் கொலையையும் சிந்தாகப் பாடிச் சந்தையில் விற்ற குஜிலிப் புலவர்களை நாம் புலவர் வரிசையில் வைப்பதில்லை. ஆனால் எளிய மனிதனின் சாவுக்கு அச்சில் இடம் கொடுத்தவர்களுள் அவர்கள் முன்னோடிகள்.

இன்னும் பின்னே செல்லலாம். 2006ஆம் ஆண்டு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று சில சொற்களே உடையது. இறந்தவன் பெயர், ஊர், ஆகோள் பூசலில் மாண்டான் என்னும் காரணம் ஆகியவற்றையே அது தாங்கி நிற்கிறது. அடைமொழி இல்லை, அழுகை இல்லை. சங்கத்துக் கையறுநிலைப் பாடல்கள் பாரி போன்ற வள்ளல்களுக்குக் கிடைத்தன. அந்தக் கல்லோ ஆநிரைப் பூசலில் வீழ்ந்த ஒருவனுக்குக் கிடைத்தது. பெயர், ஊர், காரணம் என்னும் இம்மூன்றும் இருந்தால் ஒரு மனிதன் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலும் தொகையில் கரையாமல் நிற்கிறான்.

சாட்சியின் இலக்கணம்

சாத்தான்குளத்துக்கு மீண்டும் வருகிறேன். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வழக்கைத் தானே முன்வந்து எடுத்தது. காவல்நிலையத்தையே வருவாய்த்துறையின் பொறுப்பில் வைக்க ஆணையிட்டது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் விசாரணைக்குச் சென்றார். பாரதிதாசன் என்பது அவர் பெயர். அங்கிருந்த கண்காணிப்புக் கருவியில் இடம் போதிய அளவு இருந்தும், பதிவுகள் நாள்தோறும் தாமே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அவர் தம் அறிக்கையில் குறித்தார். அதே நிலையத்தில் பணிபுரிந்த தலைமைக் காவலர் ரேவதி, உடன் பணிபுரிவோர் சூழ நின்ற அச்சத்திலும், இரவு முழுவதும் அவ்விருவரும் அடிக்கப்பட்டதைச் சொன்னார். தயங்கித் தயங்கிக் கையொப்பமிட்டார். பின்னர் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்று, செப்டம்பரில் காவல்துறையினர் ஒன்பதின்மர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று.

நண்பர்களே, நாள்தோறும் அழியும்படி அமைந்த கருவி ஒரு பக்கம். நடுங்கிய கையால் இடப்பட்ட ஒரு கையொப்பம் மறுபக்கம். கவிஞன் எந்தப் பக்கம் நிற்பது என்பதே இன்றைய என் பொருளின் சாரம். அந்தப் பெண்மணி உவமை சொல்லவில்லை. கண்டதைச் சொன்னார். தாம் காணாததைச் சேர்க்கவும் இல்லை. சாட்சிக்கு இலக்கணம் இதுதான். அழகு என்பது அதன்பின் வருமாயின் வரட்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிறர் துயரம் நமக்குக் கச்சாப்பொருள் அன்று. மகளை இழந்த தாயின் அழுகையைத் தாளில் இறக்கிப் பரிசு வாங்கிவிட்டு அவள் வாசலை மறந்துவிடும் எழுத்தாளன், குத்தகைதாரனைவிட உயர்ந்தவன் அல்லன். எழுதுமுன் இசைவு கேட்க வேண்டும். எழுதியபின் முதலில் அந்த வீட்டுத் திண்ணையில் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் கிழித்துவிட வேண்டும்.

ஆகவே பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். இம்மலரை அடுத்து நாம் வெளியிடும் தொகுப்பு, அந்த ஓராண்டில் நம் பகுதி இழந்தவர்களைப் பற்றியதாக இருக்கட்டும். பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரங்களை ஊர் ஊராகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு கவிஞரும் ஓர் ஊர் செல்லட்டும். நோயில் போனவர், வழியில் போனவர், ஆலையில் போனவர் என எவராயினும் பெயர், ஊர், காரணம் என்னும் மூன்றையும் கேட்டு எழுதட்டும். ஒப்பாரி பாடத் தெரிந்த மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அன்று பாட முடியாமற்போனதை அவர்கள் இன்று பாட விரும்பினால், அதையும் அவர்கள் பெயராலேயே பதிவு செய்வோம். யாப்பில் வந்தாலும் சரி, உரைநடையில் வந்தாலும் சரி, முதலில் செய்தி பிழையின்றி இருக்கட்டும்.

இப்பணிக்கு இசையும் அன்பர்கள் இக்கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் தம் பெயரையும் எடுத்துக்கொள்ளும் ஊரையும் தரும்படி வேண்டுகிறேன். திருச்சுழிக்கு அருகிலுள்ள ஊர்களை நான் எடுத்துக்கொள்கிறேன்.